தொட்டிலருகே கூவிய பெயர்

மூன்று கோடைகளுக்கு முன் அம்மா பிராங்க்பர்ட்டுக்கு வந்திருந்தார். கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதென்று ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெயரைக் கேட்டார். அந்த ஒரு சொல் அம்மாவுக்கும் புரியும். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒன்றுதான். அம்மா வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, மேசைமேல் நகர்த்தினார். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அப்பா இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரை மணி கழித்து அதே பெயரோடு ‘ஃபிராவ்’ சேர்த்துக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் எழுந்தேன்.

எங்கள் வீட்டில் இது புதிதல்ல. எனக்கு வைத்தது தாத்தாவின் பெயர். பெயரைச் சுமக்கிற பெயரன்தானே பேரன் ஆனான். ஆனால் மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. ஆகவே அம்மா இன்றுவரை என்னை என் பெயரால் அழைத்ததில்லை; தம்பி என்பார், கோபம் வந்தால் ‘ஏய்’ என்பார். ஜெர்மனிக்கு வந்தபின் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராயிற்று. என் அம்மாவின் வாயில் வராத இரண்டு பெயர்களைக் கொண்டுதான் இந்த நாட்டு அரசு என்னை அறிந்துவைத்திருக்கிறது.

அன்று மாலை இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயது மகள் தன் பள்ளிக்கூடக் கதையை நினைவுபடுத்தினாள். வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தந்த குள்ளன், கூலியாக அரசியின் முதல் பிள்ளையைக் கேட்கிறான். தன் பெயரைக் கண்டுபிடித்தால் பிள்ளையை விட்டுவிடுவதாகச் சொல்கிறான். காட்டில் நெருப்பைச் சுற்றி ஆடும்போது தன் வாயாலேயே அதை உளறிவிடுகிறான். ரும்பல்ஷ்டில்ஸ்ஹென் என்ற அந்தப் பெயரை இங்கே அறியாத குழந்தை இல்லை. “பாட்டிக்கு அந்தக் கதை தெரியுமாப்பா?” என்று கேட்டாள். பாட்டி அதற்குள்ளேயே வாழ்கிறார் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பின் முதல் பாகம் பெர்லினில் வெளிவந்தது 1812 டிசம்பரில். அதே ஆண்டு மார்ச் 11 அன்று, அதே பெர்லினிலிருந்து, பிரஷ்ய அரசு யூதர்களுக்குக் குடியுரிமை தரும் ஆணையை வெளியிட்டிருந்தது. அதற்கு ஒரு விலை இருந்தது. ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு குடும்பமும் மாறாத குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். நெப்போலியன் 1808 ஜூலையில் இட்ட ஆணைப்படி, அன்று பிரான்சின் கீழிருந்த மைன்ஸ், வோர்ம்ஸ் நகர யூதர்கள் இதற்கு முன்பே பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெயரைத் தெரிந்துகொண்டால் ஆளைப் பிடிக்கலாம் என்பது குள்ளன் கதைக்கு மட்டும் உரிய நம்பிக்கை அல்ல. வரி வசூலிப்பவனும் படைக்கு ஆள் எடுப்பவனும் அதையே நம்பினார்கள்.

என் தொழிலும் ஏறத்தாழ அதுதான். ஒரே வாடிக்கையாளர் இரண்டு பெயர்களில் பதிவேட்டில் இருந்தால் அதை ‘டூப்ளிகேட்’ என்று கண்டுபிடித்து ஒன்றாக்கும் மென்பொருள்களைப் பல ஆண்டுகளாக அமைத்துக் கொடுத்து வருகிறேன். இரண்டு பெயர் இருப்பது பிழை என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. இந்த நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், இரண்டு பெயர் இருப்பதே முறை என்று ஒரு மக்கள்கூட்டம் வாழ்ந்தது என்பதை மிகத் தாமதமாகத்தான் படித்தறிந்தேன்.

ரைன் கரை யூதர்களின் ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது எபிரேயப் பெயர் சூட்டப்படும். அதற்குப் புனிதப் பெயர் என்றே பெயர். தோரா வாசிக்க மேடைக்கு அழைக்கும்போதும், திருமண ஒப்பந்தத்திலும், கல்லறைக் கல்லிலும் வருவது அதுதான். தந்தையின் பெயரோடு சேர்த்து, இன்னாரின் மகன் இன்னார் என்று அழைப்பார்கள். நோயாளிக்காக வேண்டும்போது மட்டும் தந்தையின் பெயர் போய்த் தாயின் பெயர் வரும். சந்தையிலும் தெருவிலும் நகரசபையிலும் வழங்குவது வேறொரு பெயர், அந்தந்த ஊர் மொழியில். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மறைமுகப் பாலம் இருக்கும். விவிலியத்தில் யாக்கோபு சாகும் தறுவாயில் யூதாவைச் சிங்கக்குட்டி என்கிறான். ஆகவே உள்ளே யெஹூதா, வெளியே சிங்கம் என்று பொருள்படும் லோவ். நப்தலியை மான் என்கிறான், வெளியே ஹிர்ஷ். பென்யமீனை ஓநாய் என்கிறான், வெளியே வோல்ஃப். தெருவில் போகிற கிறிஸ்தவருக்கு அது ஒரு விலங்கின் பெயர். உள்ளே இருப்பவருக்கு அது யாக்கோபின் ஆசீர்வாதம்.

இந்த வெளிப்பெயருக்கும் ஒரு சடங்கு இருந்தது. ஹொல்லெக்ரைஷ் என்பார்கள். பிரசவித்த தாய் சில வாரங்கள் கழித்து முதன்முறையாகத் தொழுகைக்கூடத்துக்குப் போய்வரும் ஓய்வுநாளில் நடக்கும். ஊர்ப் பிள்ளைகள் தொட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். குழந்தையின் அருகே ஒரு லேவியராகமப் பிரதி. அந்தக் காலத்தில் பிள்ளைகள் முதலில் படிக்கத் தொடங்கும் வேதப் புத்தகம் அது. தொட்டிலை மூன்று முறை உயர்த்துவார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் “ஹொல்லெக்ரைஷ், குழந்தைக்கு என்ன பெயர்?” என்று கத்த, பெயர் உரக்கக் கூவப்படும். பிறகு எல்லோருக்கும் பழமும் கொட்டைகளும் இனிப்பும். பதினேழாம் நூற்றாண்டில் வோர்ம்ஸ் தொழுகைக்கூடத்தின் பணியாளர் யூஸ்பா, தன் ஊர் வழக்கங்களை எழுதிவைத்தபோது இதையும் எழுதினார். தென்ஜெர்மனியிலும் அல்சாஸிலும் இருபதாம் நூற்றாண்டு வரை இது பிழைத்திருந்தது.

அந்தச் சொல்லின் மூலத்தைப் பற்றி இரண்டு கட்சி. பதினைந்தாம் நூற்றாண்டு ராபி மோசே மின்ஸ், ‘ஹோல்’ என்ற எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது என்றார். புனிதமல்லாதது, அன்றாடத்துக்குரியது என்று பொருள். க்ரைஷன் என்றால் ஜெர்மனில் கத்துவது. அன்றாடப் பெயரைக் கத்துதல். மற்றக் கட்சியோ, இது ஜெர்மானிய நாட்டார் தேவதை ஃபிராவ் ஹொல்லேயை விரட்டும் கூச்சல் என்கிறது. கிரிம் தொகுப்பில் தலையணையை உதறிப் பனி பொழியச் செய்யும் அந்தக் கிழவிதான். பழைய நம்பிக்கையில் பச்சைக் குழந்தைகளைத் தேடி வருபவள். குழந்தைக்குப் பெயர் இருக்கிறது, உரியவர்கள் இருக்கிறார்கள் என்று மூன்று முறை கத்திச் சொன்னால் அவள் போய்விடுவாள். எனக்கு இரண்டாவதுதான் மனதுக்குப் பிடித்திருக்கிறது. முதலாவது, நடைமுறையில் இருந்த ஒன்றுக்குப் படித்தவர் பிற்பாடு கண்டுபிடித்த விளக்கம்போல் தோன்றுகிறது. நம் ஊரில் மும்முறை காதில் மெல்லச் சொல்வதை இங்கே மும்முறை கத்தியிருக்கிறார்கள்.

இதில் பெண்பிள்ளைகளின் நிலை வேறு. விருத்தசேதனம் இல்லாததால் பல இடங்களில் இந்தத் தொட்டில் கூச்சல்தான் அவர்களுக்கான பெயர்சூட்டு. புனிதப் பெயர் தனியாக இல்லாத பெண்கள் ஏராளம். கடவுளின் உச்சரிக்கக் கூடாத பெயரைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர் வோர்ம்ஸ் நகர எலெயாசர். அந்தப் பெயரைத் தகுதியான சீடனுக்கு நீர்நிலையின் மேல் நின்றே கையளிக்க வேண்டும் என்று விதி வகுத்தவர். 1196இல் அவர் வீட்டுக்குள் புகுந்தவர்கள் மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றார்கள். எலெயாசர் எழுதிய இரங்கற்பாவில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மனைவி டோல்ச்சே, இனியவள். மூத்தவள் பெல்லெட், 13 வயது, அழகி என்று பொருள். இளையவள் ஹன்னா, ஆறு வயது. மூன்றில் இரண்டு எபிரேயமே அல்ல, ரைன் கரைக்கு மேற்கிலிருந்து வந்த தெருமொழிப் பெயர்கள். மறைபெயர்களை அறிந்த அந்த மனிதர் கடைசியில் எழுதிவைத்தது வீட்டில் கூப்பிட்ட பெயர்களைத்தான்.

பெயருக்கும் உயிருக்கும் உள்ள உறவை அவர்கள் எழுத்திலேயே காட்டுவார்கள். எபிரேயத்தில் ஆன்மாவைக் குறிக்கும் ‘நெஷாமா’ என்ற சொல் நான்கு எழுத்து. அதன் நடு இரண்டு எழுத்துகளை எடுத்தால் ‘ஷேம்’, பெயர். செத்தவனிடம் கல்லறையில் ஒரு தேவதூதன் வந்து பெயரைக் கேட்பான், கெட்டவனுக்கு அது மறந்துபோயிருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் தன் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்தில் முடியும் வேத வசனம் ஒன்றைத் தேர்ந்து, அன்றாடத் தொழுகையின் முடிவில் சொல்லிவருவார்கள். செத்தபிறகும் நினைவில் நிற்பதற்கான ஒத்திகை. கேட்கப்படும் பெயர் எபிரேயப் பெயர்தான். பதிவு அலுவலகத்துப் பெயரைத் தேவதூதன் கேட்பதில்லை.

சாவு நெருங்கினால் பெயரையே மாற்றுவார்கள். மேலே எழுதப்பட்ட தீர்ப்பைக் கிழிக்க வல்லவை என்று தல்மூத் நான்கைச் சொல்கிறது: ஈகை, வேண்டுதல், பெயர் மாற்றம், நடத்தை மாற்றம். சாவின் தூதன் ஓலையோடு வருவான். அதில் எழுதிய பெயரில் அங்கே ஆள் இருக்க மாட்டான். பையனுக்குக் கூடுதலாகச் சாயிம் என்று சூட்டுவார்கள், உயிர் என்று பொருள். அல்லது ஆல்ட்டர், கிழவன். பிறந்து சில மாதமேயான கிழவன். முதல் பிள்ளைகள் இறந்துபோன வீட்டில் அடுத்ததை வேறொரு தாய்க்குச் சில காசுக்கு ‘விற்பதும்’ உண்டு.

இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பிள்ளைகள் தங்காத நம் வீடுகளில் தவிட்டுக்கு விற்று வாங்குவது நடந்திருக்கிறதே. குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள். பிச்சை எடுத்ததுபோல் வாங்கிப் பிச்சை. யாரும் சீந்தாத மண்ணாங்கட்டி. எமன் வந்தால் இதற்காகவா வந்தோம் என்று திரும்பிப் போய்விட வேண்டும். ரைன் கரைத் தாய் எமனைக் குழப்பினாள், காவிரிக் கரைத் தாய் அவனுக்கு அருவருப்பு ஊட்டினாள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்களில் ஒரே பயம் ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. உயிரோடிருக்கும் உறவினர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதை மட்டும் ஜெர்மன் யூதர்கள் தவிர்த்தார்கள். தூதன் கிழவருக்கு வந்து குழந்தையைக் கொண்டுபோய்விடக் கூடாதே. நாம் அதற்கு நேர்மாறு.

முழுமையாக ஒளித்துவைக்கும் பெயரும் நம் பக்கம் இருந்திருக்கிறது. ஆசுவலாயனரின் கிருகிய சூத்திரம், குழந்தைக்கு ஒரு தனிப்பெயர் வைத்து அதைப் பூணூல் சடங்குவரை தாயும் தந்தையும் மட்டுமே அறிந்திருக்க வேண்டும் என்கிறது. யாரும் அறியாத பெயரைக் கொண்டு யாரும் மந்திரம் ஏவ முடியாது. உர்சுலா லெ குவின் 1968இல் தன் கற்பனைத் தீவுகளில் ஒவ்வொரு மனிதருக்கும் வைத்த மெய்ப்பெயரும் இந்த வகைதான். ஆனால் எனக்கு அதைவிடத் தொல்காப்பியத்தின் விதி நெருக்கமாகப்படுகிறது. அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். பெயரை மறைப்பது இங்கே பயத்தினால் அல்ல. அந்த உறவுக்குள் பெயருக்கு வேலையில்லை. ரைன் கரையின் எபிரேயப் பெயரும் யாரும் அறியாத இரகசியம் அல்ல. தொழுகைக்கூடத்தில் உரக்கவே கூப்பிட்டார்கள். வேறு வாய்களுக்கு அது உரியதல்ல, அவ்வளவுதான். அதை அகப்பெயர் என்று அழைக்கலாம் என்று தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகப்பெயர் மெல்ல ஒடுங்கியது. பதிவேடு ஒரு பெயரைத்தான் கேட்டது. வெளிப்பெயர் உள்ளே நுழைந்தது. ஹெஸ்ஸன் கிராமத்து யூதக் கல்லறைகளில் இதைக் கண்ணால் காணலாம். கல்லின் முன்பக்கம் எபிரேயத்தில் இன்னார் மகன் இன்னார். பின்பக்கம் ஜெர்மனில் பதிவேட்டுப் பெயர். ஒரே ஆள் கல்லின் இரண்டு பக்கமும் கிடக்கிறார். சிலர் உள்ளே இருந்ததை முற்றாகக் கழற்றினார்கள். பிராங்க்பர்ட் யூதர் தெருவில் 1786இல் பிறந்த ஒருவரின் பெயர் யூதா லோவ் பாரூக். மேலே சொன்ன யூதாவும் சிங்கமும் சேர்ந்தே அதில் இருக்கிறார்கள். 1818இல் ஞானஸ்நானம் பெற்று அவர் லுட்விக் பெர்னே ஆனார், ஜெர்மன் மொழியின் கூர்மையான பத்திரிகையாளர்களில் ஒருவரானார். பின்னாளில் ஊர் தன் சதுக்கம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. நாஜிகள் வந்து 1935இல் அதை டொமினிக்கன் சதுக்கம் என்று மாற்றினார்கள். இறந்தவரின், அதுவும் மதம் மாறியவரின், அதுவும் அவரே மாற்றிக்கொண்ட பெயரைக்கூட விடவில்லை.

உயிரோடிருந்தவர்களிடம் அவர்கள் செய்தது வேறு வகை. 1938 ஆகஸ்ட் 17இல் ஓர் அரசாணை. உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பட்டியலில் உள்ள ‘யூதப் பெயர்’ இல்லாத யூதர்கள் எல்லோரும், 1939 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஆண் என்றால் இஸ்ரேல், பெண் என்றால் சாரா என்ற பெயரைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதிவு அலுவலகத்துக்கு அவர்களே எழுதித் தெரிவிக்க வேண்டும். பிறப்புப் பதிவேட்டின் ஓரத்தில் அது குறிக்கப்படும். ட்ரெஸ்டன் நகரில் விக்டர் கிளெம்பரர் என்ற பேராசிரியர், புரட்டஸ்டண்டாக மாறிப் பல ஆண்டுகள் ஆனவர், விக்டர் இஸ்ரேல் கிளெம்பரர் என்று கையெழுத்திட வேண்டிவந்தது.

எல்லா வரலாற்று நூல்களும் இதை அடையாளம் குத்துதல் என்று சொல்லிக் கடந்துபோகின்றன. அது சரிதான். ஆனால் தேர்ந்த பெயர்கள் எவை என்று பாருங்கள். விவிலியத்தில் இஸ்ரேல் என்பது யாக்கோபுக்குக் கிடைத்த மாற்றுப்பெயர். ஆற்றங்கரையில் இரவு முழுக்க மல்லுக்கட்டிய முகம் தெரியாத ஒருவன், விடியும்போது கொடுத்தது. நீ யார், உன் பெயரைச் சொல் என்று யாக்கோபு திருப்பிக் கேட்டபோது அவன் சொல்லவில்லை. சாராவும் மாற்றிய பெயர்தான். சாராய் என்ற பிள்ளையில்லாப் பெண்ணுக்குக் கடவுள் பெயரை மாற்றினார், பிள்ளை பிறந்தது. பெயர் மாறினால் விதி மாறும் என்று தல்மூத் சொல்வதற்கு எடுத்துக்காட்டுவது இந்தச் சாராவைத்தான். நோயாளியின் படுக்கையருகே நூற்றாண்டுகளாக எந்த நம்பிக்கையில் பெயரை மாற்றினார்களோ, அந்த நம்பிக்கையின் ஆதாரப் பெயரை எடுத்துச் சாவின் தூதனுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும் முத்திரையாக்கினார்கள். அமைச்சக எழுத்தர்களுக்கு இந்தத் தல்மூத் பகுதி தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரியாமல் செய்ததாலேயே அது இன்னும் கொடியதாக எனக்குப்படுகிறது.

பெர்னேயின் சதுக்கம் இருந்த இடத்துக்கு அருகே பழைய யூதக் கல்லறை இருக்கிறது. அதன் மிகப் பழைய கல் 1272ஆம் ஆண்டினது. 1996இல் அதன் வெளிமதிலில், பிராங்க்பர்ட்டிலிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட 11,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை, ஆளுக்கொரு சிறு உலோகக் கட்டையாகப் பதித்தார்கள். பெயர், பிறந்த நாள், தெரிந்தால் இறந்த நாளும் இடமும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கட்டைகள், வரிசை வரிசையாக மதிலிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். மேலே ஒரு கூழாங்கல் வைக்க இடமிருக்கும், வருகிறவர்கள் வைக்கிறார்கள். ஆன் ஃபிராங்கின் பெயரும் அங்கே உண்டு, அவள் இந்த ஊரில் பிறந்தவள்.

கண் மருத்துவரைப் பார்த்த அந்த வாரக் கடைசியில் அம்மாவை அங்கே அழைத்துப்போனேன். நான் சொன்னவற்றில் தொட்டிலைச் சுற்றிப் பிள்ளைகள் கத்துவது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மதிலோரமாக நடந்துகொண்டே விரலால் கட்டைகளைத் தடவிக்கொண்டு வந்தார்.

“வீட்டுல கூப்புட்ட பேரு போட்டிருக்காங்களா, தம்பி?”

“இல்லம்மா. ஆபீஸ் ரெஜிஸ்தர்ல இருந்த பேருதான்.”

“அந்தப் பேரு யாருக்காவது தெரியுமா?”

தெரிந்தவர்களும் பெரும்பாலும் இந்த மதிலில்தான் இருக்கிறார்கள் என்றேன். அம்மா கொஞ்சநேரம் நின்றார். கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்து, கைக்கெட்டிய கட்டையின்மேல் வைத்து, என்ன பேர் என்று கேட்டார். ஒரு பெண்ணின் பெயர். வாசித்தேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு தானும் சொல்லிப்பார்த்தார். முதலில் வாயில் நுழையவில்லை, இரண்டாம் முறை சரியாக வந்தது.